வராத அம்மைக்கு மூன்று தண்ணீர்

முதல் செம்பு உச்சந்தலையில் விழுகிறது, யோகப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் குறுக்குகிறாள், மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் அவள் நெற்றியில் இறங்கி முகமெல்லாம் வழிகிறது, அந்த முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, அம்மை எந்த ஊரில் இருக்கிறதோ, இந்தத் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஆனாலும் வாசலில் வேப்பிலை தொங்குகிறது, நான் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, கஞ்சி போட்ட புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு என் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வராத அம்மைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், நாளைக் காலையில் அவளுக்குப் பொதுத்தேர்வு, கண்ணத் தொறக்காதடி, மஞ்சத்தண்ணி எரியும் என்கிறேன்.

கண்ணை மூடுங்கள் என்றுதான் அந்தப் பயிற்சியாளரும் சொன்னார், இன்று காலையில், குளிரூட்டிய மண்டபத்தில், தலைமையாசிரியர்களுக்கு ஆண்டு இறுதி மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியாம், நாளைக்குப் பரீட்சை, இன்றைக்குப் பயிற்சி, கல்யாணத்துக்கு முதல்நாள் பெண்ணைப் பெற்றவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிம்மதியாக இருப்பது எப்படி என்று பாடம் நடத்துவதுபோல, எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது, அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மேடம், இப்ப நீங்க கடற்கரையில நிக்கிறீங்க, அலை வந்து உங்க காலைத் தொடுது, உங்க டென்ஷன் எல்லாம் அலையோட போகுது, விடுங்க, விடுங்க என்கிறார், பக்கத்து நாற்காலியில் தனபாக்கியம் டீச்சர் கண்ணை மூடியவர் அப்படியே தூங்கிவிட்டார், அந்தப் பயிற்சியால் பலன் கண்டவர் அவர் ஒருவர்தான், நானும் மூடுகிறேன், கடல் வரவில்லை, எங்கள் தாளாளரின் அறைதான் வருகிறது, தை மாதத்து வெயில், மேசையில் ஆறிப்போன தேநீர், பள்ளியை நடத்துகிறவர் அவர், சம்பளக் கையெழுத்து அவருடையது, எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேனா நிற்கிறேனா தெரியவில்லை, டீச்சர், வருசா வருசம் சென்டம் வாங்குறோம், ஒருத்தர் விடாம எல்லாரும் பாஸ், இந்த வருசத்துக்கும் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணச் சொல்லியாச்சு, அந்த யோகப்பிரியா பொண்ணுதான் கணக்குல இடிக்குது, எழுதாதவங்க சதவீதத்துல வரமாட்டாங்க, உங்களுக்குத் தெரியாததா, பங்குனியில பிள்ளைங்களுக்கு அம்மை போடுறது சகஜந்தானே என்றார், நான் முடியாதுங்கய்யா என்றேன், அவர் சிரித்தார், டென்ஷன் ஆகாதீங்க டீச்சர், உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு என்றார், வேண்டாத வேலையைத் தலையில் கட்டுகிறவர்கள்தான் டென்ஷன் ஆகாதே என்றும் சொல்கிறார்கள், இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யோகப்பிரியா கணக்கில் மட்டம்தான், இல்லையென்று யார் சொன்னது, அரசாங்கம் அவளுக்கு மெல்லக் கற்பவர் என்று பெயர் வைத்திருக்கிறது, எங்கள் ஆசிரியர் அறையில் அதையும் சுருக்கி இந்த வருசம் எத்தனை மெல்ல என்று கேட்பார்கள், நெல் மூட்டையைக் கேட்பதுபோல, ஆனால் மாலை வகுப்புக்கு முதலில் வந்து உட்காருகிறவள் அவள்தான், சுண்டல் தீர்ந்ததும் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கும்போது இவள் அளவுகோலை வைத்துக் கோடு போட்டு அடுத்த கணக்கைத் தொடங்குவாள், தப்பாகத்தான் முடிப்பாள், அதையும் அடித்துவிட்டு மறுபடி போடுவாள், கடைசித் திருப்புதல் தேர்வுத் தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்து, மிஸ், பாஸுக்கு இன்னும் கொஞ்சந்தான் மிஸ் என்று மூச்சு வாங்கினாள், ஃபெயில் மார்க்கை அப்படிச் சந்தோஷமாகக் காட்டிய பிள்ளையை நான் பார்த்ததில்லை, அந்தப் பிள்ளையையா வீட்டில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள், அலை வருது, அலை வருது என்கிறார் பயிற்சியாளர், மடியில் கைபேசி அதிர்கிறது, எங்கள் கணக்கு வாத்தியார் இருதயராஜ், மேடம், தாளாளர் பேசச் சொன்னாரு, அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நானே பேசிட்டேன், வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க, நாளைக்கு வரமாட்டா, நீங்க நிம்மதியா இருங்க என்கிறார் மெதுவாக, யாரைக் கேட்டு சார் பேசுனீங்க என்று நான் கத்திய கத்தலில் தனபாக்கியம் டீச்சர் திடுக்கிட்டு எழுந்து பையைத் தேடுகிறார், மேடம், உட்காருங்க, இன்னும் அலை முடியலை என்கிறார் பயிற்சியாளர், அங்க ஒரு புள்ளையத் தண்ணியில அமுக்கிக்கிட்டு இருக்காங்க சார், நீங்க அலைய எண்ணிக்கிட்டு இருங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன், பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

அவள் அம்மா செண்பகம் அரிசி ஆலை வேலைக்குப் போகாமல் வாசலிலேயே இருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டு, வீட்டுக்குள்ள வராதீங்க டீச்சர், அம்மை என்றாள், சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள், சார்தான் சொன்னாரு டீச்சர், எழுதி ஃபெயிலாயிட்டா சர்ட்டிபிகேட்டுல காலத்துக்கும் நிக்குமாம், எழுதாட்டி ஜூன்ல எழுதிக்கலாமாம், படிச்சவங்க சொல்லும்போது நான் என்னத்தைக் கண்டேன் என்றாள், சரி, பொய்க்குக் கட்டுனதுதானே, அவுத்துரு என்றேன், அய்யய்யோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆத்தா பேரச் சொல்லிக் கட்டுனது டீச்சர், சும்மா அவுக்கக் கூடாது, மூணு தண்ணி ஊத்தித்தான் அவுக்கணும், நாள் விட்டு நாள் ஊத்தணும், அதுவரைக்கும் புள்ள வாசப்படி தாண்டக் கூடாது, தாண்டுனா நெசமாவே வந்துரும் என்று அழுகிறாள், எனக்கு இவள்மேல் கோபம் வரவில்லை, அந்தப் பெரிய மனிதர் அம்மனைப் பரீட்சைக்குச் சாக்காக்கினார், இவள் சாக்குக்குக் கட்டிய இலைக்கே பயப்படுகிறாள், இரண்டு பேரில் யாருக்குப் பக்தி என்று அந்த அம்மனே சொல்லட்டும், வராத அம்மைக்கு நாள் கணக்கு ஏது செண்பகம், மூணு தண்ணியையும் இப்பவே ஊத்துவோம், பாவம்னா என் தலையில விடியட்டும், மஞ்சளை எடு என்றேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் எடுக்க உள்ளே போனாள்.

இரண்டாவது செம்பு, பங்குனி வெயிலில் தண்ணீர் சூடேறித்தான் இருக்கிறது, கண்ணை மூடியபடியே யோகப்பிரியா கேட்கிறாள், மிஸ், நான் எழுதி ஃபெயிலாயிட்டா நம்ம ஸ்கூலுக்கு சென்டம் போயிடுமே மிஸ், யாருடி சொன்னது, சார்தான் சொன்னாரு, என் ஒருத்தியால எல்லாரு பேரும் கெட்டுப்போயிடுமாம், அதான் நானே அம்மாகிட்ட வேப்பிலை கட்டச் சொன்னேன் என்கிறாள், செம்பு என் கையில் அப்படியே நிற்கிறது, ஊற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை, பதினைந்து வயதுப் பிள்ளை, தன் பரீட்சையை விட்டுக்கொடுத்து எங்கள் ஃப்ளெக்ஸைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது, சென்டம் போனா போகட்டும்டி, அது ஒண்ணும் உன் அப்பன் வீட்டுச் சொத்தில்ல, என் அப்பன் வீட்டுச் சொத்துமில்ல, நீ போய் எழுது, வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு எவளும் பாஸானதில்ல என்று சொல்லிவிட்டு கையிலிருந்த செம்பை ஊற்றி முடித்து மூன்றாவதை மொள்ளுகிறேன், அப்போதுதான் கைபேசி அடிக்கிறது, ஈரக்கையோடு எடுக்கிறேன், தாளாளர், என்ன டீச்சர், பயிற்சியில இருந்து பாதியில போயிட்டீங்களாமே, உடம்புக்கு எதுவும் முடியலையா என்கிறார் அக்கறையாக, பிறகு, அந்தப் பொண்ணுக்கு அம்மையாமே, பாவம் என்று இப்போதுதான் கேள்விப்பட்டவர்போல இழுக்கிறார், மூன்றாவது தண்ணீரை அவள் தலையில் ஒரு சொட்டு மீதம் வைக்காமல் ஊற்றிவிட்டுச் சொல்கிறேன், அவளுக்கு எறங்கிருச்சுங்கய்யா, தண்ணி ஊத்தியாச்சு, நாளைக்கு எழுத வர்றா, எனக்குத்தான் இன்னும் எறங்கல, செண்பகம் வாசலில் முக்காலி போட்டு ஏறி வேப்பிலையை அவிழ்க்கிறாள், கண்ணத் தொறக்கலாமா மிஸ் என்கிறாள் யோகப்பிரியா, தொற என்கிறேன்.