பத்து எழுத்துப் பெயர்

ஆங்கிலத்தில் என் பெயருக்குப் பத்து எழுத்து. பெர்னடெட். பேனாவால் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுகிறவருக்குப் பாதியிலேயே அலுத்துவிடும். எங்கள் காதுகேளாதோர் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. முதல் மூன்று எழுத்தைக் காட்டுவார்கள், பிறகு கையை உதறிவிட்டு, "அதான், நீதான்" என்று என்னைச் சுட்டுவார்கள்.

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் சைகைப் பெயர் இருந்தது. ஒரே ஓர் அசைவு, வேலை முடிந்தது. மார்லனுக்குப் புருவத்தில் தழும்பு, ஆகவே புருவத்தில் ஒரு கீறல். வரலாறு எடுக்கும் ப்ரூவிட் சாருக்கு மீசை முறுக்கல். அவர் மீசையை மழித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

அந்தப் பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. கேட்கவும் கூடாது. காது கேட்காத ஒருவர் நம்மோடு பழகி, பார்த்து, தானாக வைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த அதிகாரம் ஒடெசாவிடம் இருந்தது. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லோரும் செவிடு. அதை ராஜவம்சம் போலச் சொல்லிக்கொள்வாள், நாங்களும் அப்படித்தான் அவளை நடத்தினோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் நான் பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"கேட்டுட்டியா? அப்ப இன்னும் லேட்டாகும்," என்றாள், முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல்.

ஆகஸ்டில் நான் இங்கே வந்தது காது கேட்கிறவர்களின் பள்ளியிலிருந்து. இடது காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் ஒட்டியிருக்கும், அதை வைத்துக்கொண்டும் உதட்டைப் பார்த்தும் பாதி பிடிப்பேன், மீதியை ஊகிப்பேன். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அம்மா, அப்பா, அண்ணன் மூவரும் சிரிப்பார்கள். "என்ன? என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, முக்கியமில்ல," என்பாள் அம்மா. இந்த உலகத்தில் நான் மிகவும் வெறுக்கிற வாக்கியம் அது. எங்கள் பள்ளியில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

மே மாதம் சுற்றுலா வந்தது. காதுகேளாதோர் வரலாறு, அமெரிக்க வரலாறு இரண்டையும் ப்ரூவிட் சார் ஒரே பேருந்தில் ஏற்றிவிட்டார். முதல் நாள் ஒரு பழைய காதுகேளாதோர் பள்ளிக் கட்டடம். சுற்றிக் காட்டியவரும் எங்களைப் போலத்தான், ஆகவே யாருக்கும் யார் தயவும் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து ஊமைப்படம் ஒன்றில் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் சைகையில் பிரசங்கம் செய்தார். எல்லோரும் கண் கலங்கிப் பார்த்தார்கள். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை, ஆனாலும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஒஹாயோவில் ஒரு கோட்டை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

கோட்டைக்காரர்கள் ஏற்பாடு செய்வதாகச் சொன்ன சைகை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ப்ரூவிட் சார் கைபேசியில் எழுதிக் காட்டிக் கேட்டார். டிக்கெட் கொடுக்கிற பெண் கணினியைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். அடுத்த வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்! ப்ரூவிட் சாரின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அதற்குள் வழிகாட்டி வந்துவிட்டான். பெயர் வெண்டெல். பழைய காலத்துச் சிப்பாய் உடுப்பு, முக்கோணத் தொப்பி, வாயை முழுக்க மறைக்கிற துடைப்பத் தாடி. "அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு ஏதுய்யா தாடி?" என்று ப்ரூவிட் சார் சைகையில் பொருமினார். எனக்கு அதைவிடப் பெரிய கவலை. உதடே தெரியாதே!

"நல்வரவு! எல்லாரும் எந்த ஊரு?" என்று அவன் கத்தினான். யாரும் அசையவில்லை. பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்து, "இண்டியானா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அட, நீ பேசுவியா!" அவன் கண் பளிச்சிட்டது. "அப்ப என்ன பிரச்சினை? நான் சொல்றத நீ இவங்களுக்குச் சொல்லிடு, அவ்ளோதான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ப்ரூவிட் சார் முகம் இறுகியது. "அது உன் வேலை இல்ல. நீயும் சுத்திப் பார்க்க வந்த பொண்ணு. திரும்பிப் போயிடலாம்."

"மூணு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வந்தோம் சார்," என்று மார்லன் இழுத்தான். ஒடெசா திரும்பினாள். என்னை மட்டும் பார்த்தாள். இன்றைக்கு இவர்களுக்கு நான் உதவினால், இன்றைக்கே எனக்குப் பெயர் கிடைத்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. எனக்குச் சுருட்டை முடி. காதோரம் விரலைச் சுருட்டி இழுத்தால் எவ்வளவு அழகான பெயர்! கண்ணாடி முன்னால் எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன்.

"நான் பண்றேன் சார்," என்றேன்.

வெண்டெல் நடந்துகொண்டே பேசினான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினான். "அதோ பாருங்க," என்று பீரங்கியைக் காட்டுவான், உடனே அடுத்த கதையை ஆரம்பிப்பான். பீரங்கியைப் பார்த்தால் என் கையைப் பார்க்க முடியாது, என் கையைப் பார்த்தால் பீரங்கி போச்சு. கண்ணை வைத்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? காற்று வேறு மெஷினுக்குள் புகுந்து இரைந்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் "கர்னல்... பனியில... வெடிமருந்து... மாட்டுத்தோல்..." இவ்வளவுதான். நடுவில் இருந்தவற்றை நானே இட்டுக்கட்டினேன். வெடிமருந்தை மாட்டுத்தோலில் மூடி வைத்தார்களா, இல்லை பசியில் மாட்டுத்தோலைத் தின்றார்களா, கடவுளுக்கே வெளிச்சம்.

"மெதுவாப் பேசுங்க, என்னைப் பார்த்துப் பேசுங்க," என்று இரண்டு தடவை கேட்டேன். "நிச்சயமா!" என்பான். மூன்றாவது வாக்கியத்தில் பழையபடி சுவர்.

மார்லன் கையை உயர்த்துவான். அவன் கேள்வியை நான் வாய்விட்டுச் சொல்வதற்குள் வெண்டெல் அடுத்த அறையில் இருப்பான். "கேட்டியா? என்ன சொன்னான்?" என்று மார்லன் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான். என் சைகை வேறு அவசரத்தில் குழறியது. தலை வலித்தது. கோட்டையில் ஒரு செங்கல்லைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சிப்பாய்கள் படுத்திருந்த அறையில் வெண்டெல் நெடுநேரம் பேசினான். நடித்துக் காட்டினான், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான், தானே சிரித்தான். எனக்கு ஒரு சொல்கூட அகப்படவில்லை. திரும்பினேன். எல்லாக் கண்களும் என் மேல்.

"அவ்ளோ நேரம் பேசினான். என்ன சொன்னான்?" என்றாள் ஒடெசா.

"முக்கியமில்ல. அப்புறம் சொல்றேன்," என்று என் கை சொல்லிவிட்டது.

சொன்ன மாத்திரத்தில் எல்லோருடைய கையும் நின்றுபோனது. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. வீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒடெசா என்னை விட்டு விலகி, சுவரில் மாட்டியிருந்த பெரிய ஓவியத்தின் முன் போய் நின்றாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

ஓவியத்தில் ஓர் உடன்படிக்கைக் காட்சி. இந்தப் பக்கம் ராணுவ அதிகாரிகள், அந்தப் பக்கம் பூர்வகுடித் தலைவர்கள். நடுவில் ஒருவன் மட்டும் இரண்டு பக்கமும் சேராமல், கழுத்தைத் திருப்பியபடி தவிப்போடு நின்றான். கீழே இருந்த பலகையில் எல்லோருடைய பெயரும் இருந்தது. அவனுக்கு மட்டும், 'மொழிபெயர்ப்பாளர், பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

"ஐயோ பாவம், இவனுக்குப் பேரே இல்லையா?" என்றான் மார்லன்.

"வெச்சுட்டாப் போச்சு," என்றாள் ஒடெசா. இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டித் திருப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள், செய்து பார்த்தார்கள். அவனுக்குப் பெயர் வந்துவிட்டது.

எனக்குள் ஏதோ அறுந்தது. மரத் தரையை என் பலம்கொண்ட மட்டும் காலால் உதைத்தேன். அதிர்வு உள்ளங்காலில் ஏறி எல்லோரும் திரும்பினார்கள். வெண்டெல் மட்டும் பயந்துபோய் ஓரடி பின்னால் துள்ளினான்.

"செத்து இருநூறு வருஷமான ஆளுக்கு ஒரு நிமிஷத்துல பேர் வெச்சிட்டீங்க! நான் ஆகஸ்ட்லேர்ந்து உங்க கண்ணு முன்னாடியே நிக்கிறேன்! காலையிலேர்ந்து உங்களுக்காக நாய் மாதிரி அலையுறேன்!"

ஒடெசா நிதானமாகப் பதில் சொன்னாள். "அவன் எங்ககிட்ட முக்கியமில்லன்னு சொல்லலையே."

அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து வெண்டெல் என் தோளைத் தொட்டு, "என்னம்மா, என்ன கேக்குறாங்க? அவங்ககிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தான். நான் கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மெஷினைப் பிடுங்கினேன். கால்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

சத்தம் முழுக்க நின்றது. வெண்டெலின் தாடி மட்டும் மேலும் கீழும் ஆடியது. நான் காதைக் காட்டிக் கையை விரித்தேன். அவன் அடுத்து நின்ற மார்லனைப் பார்த்தான், மார்லனும் கையை விரித்தான். அடுத்தவள், அதற்கு அடுத்தவன். அந்த அறையில் அவன் ஒருவன்தான் வெளியாள் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ப்ரூவிட் சார் தன் கைபேசியை அவனிடம் நீட்டினார். வெண்டெல் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி எழுதினான். ஒவ்வொரு பதிலுக்கும் நாங்கள் கூட்டமாகக் குனிந்து படிக்க வேண்டியிருந்தது. சிப்பாய்கள் எங்கே ஒன்றுக்குப் போவார்கள் என்று மார்லன் கேட்ட கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்தது, அதுவும் நேரில் கூட்டிப்போய்க் காட்டினான். மாட்டுத்தோல் சமாசாரமும் தெரிந்தது. நான் சொன்னது அத்தனையும் தப்பு. ஆனால் பாதிக் கோட்டை பார்ப்பதற்குள் பேருந்து ஓட்டுநர் கிளம்பச் சொல்லி விளக்கை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்துவிட்டார். வெடிமருந்துக் கிடங்கைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் கடுகடுவென்று வண்டி ஏறினார்கள். ப்ரூவிட் சார் கோட்டை அலுவலகத்துக்கு எழுதப்போகும் புகாரை இப்போதே காற்றில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் முன் இருக்கையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். எங்களுக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வதென்றால் வாயையும் காதையும் சேர்த்து மூடிக்கொள்வது. ஒடெசா இருக்கையை உதைத்தாள். திரும்பவில்லை. என் தாடையைப் பிடித்தே திருப்பினாள்.

"உன்ன யாருடி மெஷின மாட்டிக்கிட்டு மொழிபெயர்க்கச் சொன்னா? நாங்க கேட்டோமா?"

"நீ என்னைப் பார்த்தியே!"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு பார்த்தேன். காலையிலயே கழட்டியிருக்கணும் நீ."

"எல்லாரும் திரும்பிப் போயிருப்பீங்க."

"போயிருப்போம். என்ன இப்ப? ஒண்ணும் தெரியாம எல்லாரும் சேர்ந்து முழிச்சிருப்போம்." பிறகு கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், வெடுக்கென்று எதையோ பிடுங்கி, இடுப்பருகே குத்தித் திணித்தாள். மூக்கை வேறு விடைத்துக்கொண்டாள்.

"என்னது அது?"

"நீதான்."

பின்னால் மார்லன் அதைச் செய்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை வரிசையாக என் பெயர் பேருந்தின் கடைசி இருக்கை வரை போனது. எல்லோரும் மூக்கை விடைத்தார்கள்.

"இதுவா? இந்தக் கோவமா? வாழ்க்கை முழுக்கவா?" அவள் கையைத் தட்டிவிட்டேன். "வேற வை."

"என்ன, சுருட்டை முடியா? பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நீ பண்றத பார்த்திருக்கேன்." கன்னம் எரிந்தது எனக்கு. "பிடிக்கலன்னா சொல்லு, பத்து எழுத்தையே காட்டுறோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இண்டியானா எல்லை தாண்டுகிற வரையில் மடியில் கையை மறைத்து அந்தப் பெயரையே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வீட்டில் இரவுச் சாப்பாடு. பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு. அண்ணன் ஏதோ சொன்னான், அப்பா மேஜையைத் தட்டிச் சிரித்தார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன? என்ன சொன்னான்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. முக்கியமில்ல."

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். மூவரும் பார்க்கும்படி கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன், வெடுக்கென்று இழுத்தேன், இடுப்பருகே குத்தினேன். மெஷினைத் தொடவே இல்லை. அது பாட்டுக்குக் காதில் இருந்தது. நான் என் பெயரைத்தான் சொன்னேன்.

அம்மாவின் முகத்தில் கவலை வந்தது. அவள் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள்.

"என்ன கண்ணு, பேட்டரி தீர்ந்துபோச்சா?"