ஃப்ரீஸர் திராட்சை

"இதென்ன உங்க தாத்தா வெட்டின கெணத்துத் தண்ணியா? ஒருநாள் விட்டு ஒருநாள் வர காவேரி! நான் தேவுடு காத்துச் சம்ப்புல பிடிச்சு வெச்சா, நீ பக்கெட் பக்கெட்டா பால்கனியிலேர்ந்து கொட்டறே!"

"கொட்டலீங்க மாமி, மீனுக்கு மாத்துறேன்..."

"மீனுக்கு தெனம் ஸ்நானமா? எங்காத்துப் பெருமாளுக்கே சனிக்கிழமை மட்டும்தான் திருமஞ்சனம்!"

மாடிப்படியின் கீழே சுப்புலக்ஷ்மி மாமி, மேலே குடித்தனக்காரன் அர்ஜுனன், நடுப்படியில் கையில் பேப்பரோடு மாமியின் கணவர் கஸ்தூரிரங்கன். மைசூர் ராஜ்யப் பொதுப்பணித் துறையில் எத்தனையோ பாலங்கள் கட்டியவர், மாமிக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் மட்டும் ஒன்றும் கட்ட முடியாதவர். "ஹோக்லி பிடு", போகட்டும் விடு, என்று கன்னடத்தில் முனகினார். வீட்டில் எடுபடாதவற்றை அவர் கன்னடத்தில்தான் சொல்வார். எதிர் வீட்டு ஓஸ்வால்ட் பல் துலக்குகிற சாக்கில் கேட்டில் சாய்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தத் தெருவுக்கு அதுதான் ஒரே நாமக்கார வீடு. அங்கே சண்டை என்றால் சர்ச் கோயர் பாட்டுப் பயிற்சிகூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும்.

"ஞாயித்துக்கிழமை ஸ்வர்ணாவைப் பொண்ணு பாக்க வரா" என்றாள் மாமி. "அதுக்குள்ள அந்தத் தொட்டி கீழ எறங்கணும். இல்லேன்னா நீ எறங்கணும்."

அர்ஜுனன் திரும்பித் தொட்டியைப் பார்த்தான். தர்மபுரியிலிருந்து வந்தவன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி ஆள் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனியில் வேலை. அந்தக் குழப்பத்தைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் தொட்டியைப் பற்றித்தான். சாப்பாட்டுத் தட்டு போல வட்டமான டிஸ்கஸ் மீன், ஒரு ஜோடி. மீன் வளர்க்கிற ஓஸ்வால்டிடம் கெஞ்சி வாங்கியது. அவை முட்டையிடும், ஏதாவது சத்தம் கேட்டால் மிரண்டுபோய்த் தாங்களே விழுங்கிவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதை. இந்த முறைதான் குஞ்சு பொரித்து, குஞ்சுகள் நீந்தி, பெற்றவர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது தொட்டியை அசைத்தால் அத்தனையும் தாயின் வயிற்றுக்குள் போய்விடும்.

"ஒரே ஒருதரம் மேல வந்து பாருங்க மாமி" என்றான்.

மாமி முந்தானையைச் செருகிக்கொண்டு படியேறத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு ஃப்ரீஸர் ஞாபகம் வந்தது.

வீடு பார்க்க வந்த அன்று "முட்டையாவது உண்டா?" என்று மாமி கேட்டதற்கு, "கேக் கூடத் தொட மாட்டேங்க" என்று சொல்லிச் சாவி வாங்கியவன் அவன். ஆனால் டிஸ்கஸ் சைவமில்லையே. ஆட்டு ஈரலைக் கீரை, கேரட்டோடு நைசாக அரைத்து ஐஸ் ட்ரேயில் உறைய வைத்துத் தினமும் ஒரு கட்டி போட வேண்டும் என்பது ஓஸ்வால்ட் சொன்ன பக்குவம். நாமம் போட்ட வாசற்படிக்கு மேலே, மடி ஆசாரமான சமையலறையின் தலைக்கு நேர் மேலே, அந்த ட்ரே குளிர்ந்துகொண்டிருந்தது.

மாமி தொட்டிமுன் குனிந்தாள். பின்னாலேயே கஸ்தூரிரங்கன், அவருக்குப் பின்னால் மகள் ஸ்வர்ணா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வயது இருபத்தொன்பது. அந்த வயதைத் தெருவில் எல்லோரும் மாமியைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள்.

"குழந்தேளெல்லாம் எங்கே?"

"அம்மா மேல பாருங்க."

குண்டூசித் தலைகள் தாயின் விலாவில் ஒட்டிக்கொண்டு துடித்தன.

"பால் குடிக்கறதா என்ன?"

"அது மாதிரிதாங்க. உடம்புல ஊறுறதத் திங்கும். அம்மா களைச்சுட்டா அப்பா மேல தாவிடும்."

"அப்பாவுமா குடுக்கறார்!" மாமி திரும்பிக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "நன்னாப் பாத்துக்கோங்கோ."

கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் வந்த வீட்டில் ஒன்றையாவது திறந்து பார்க்காமல் திரும்புவது மாமியின் வழக்கமில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஃப்ரீஸரையும் திறந்தாள்.

"இதென்னது, கருஞ்செவப்பா?"

அர்ஜுனன் ஃப்ரீஸர் கதவைப் பாதி சாத்தினான். "தி... திராட்சைங்க மாமி. பெங்களூர் புளூ. ஜூஸ் அரைச்சு ஐஸ் போட்டிருக்கேன்."

ஸ்வர்ணாவுக்குத் திடீரென்று புரையேறியது.

"சமர்த்து! தோலை உரிச்சியோ?"

"உரிச்சேங்க."

ஒரு பொய்க்குத் தோலும் உரித்தாகிவிட்டது. தொட்டி தப்பித்தது. ஞாயிறன்று சத்தம் காட்டாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு மாமி இறங்கிப் போனாள். அதற்குப் பிறகும் அர்ஜுனன் நிம்மதியாகத் தூங்கவில்லை. கீழே பாத்திரம் விழுந்தால் எழுந்து உட்கார்ந்தான். குக்கர் விசில் அடித்தால் தொட்டியிடம் ஓடினான். இன்னொன்றும் உறுத்தியது. காலையில் மட்டும்தான் அவன் தீனி போடுவான். சாயங்காலம் வந்து பார்த்தால் மீன்கள் விருந்து சாப்பிட்டதுபோல் வயிறு புடைத்துத் திரிந்தன. ட்ரேயிலும் கட்டிகள் குறைவதுபோல் பட்டது. பயத்தில் தனக்கே மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய்க் காற்றுக் குழாய் வாங்கிக்கொண்டு திரும்பினான். வாசலில் வெள்ளை மாருதி நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினான். தொட்டியைப் பார்த்தான், எல்லாம் இருந்தன. ஃப்ரீஸரைத் திறந்தான்.

ட்ரே இல்லை.

மாற்றுச் சாவி மாமியிடம் உண்டு. கீழே கூடத்திலிருந்து அவள் குரல் பெருமையோடு ஏறி வந்தது: "எங்காத்து மாடிப் பையன் பண்ணினது. வெறும் திராட்சை புளிக்கறதேன்னு அந்த ஐஸையும் போட்டு அடிச்சேன். தோல் உரிச்ச பெங்களூர் புளூவாக்கும்!"

ஈரக்குலை நடுங்கியது என்பார்களே, அர்ஜுனனுடையதோடு அந்த ஆட்டினுடையதும் சேர்ந்து நடுங்கியிருக்கும். படிகளில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

கூடத்தில் மாப்பிள்ளைப் பையன் ஷ்ரேயாஸ், அவன் அப்பா, அவன் அத்தை. மூவர் கையிலும் வெள்ளி டம்ளர். பையனும் அத்தையும் இன்னும் வாய் வைக்கவில்லை. அப்பா பாதியைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேஷ். ஒரு தனி ருசி."

"குடிக்காதீங்க!" என்று அர்ஜுனன் கத்தினான்.

"ஏன்?" என்றாள் அத்தை.

ஏன் என்று சொல்ல வேண்டுமே. ஈரல் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் அவன் தெருவில் நிற்பான், குஞ்சுகள் தாயின் வயிற்றில் இருக்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னான். "மருந்துங்க... மீனுக்குப் போடற மருந்து. தெரியாம அந்த ட்ரேல ஊத்தி வெச்சிட்டேன்."

சின்னப் பொய் என்றுதான் நினைத்தான்.

"விஷம்!" என்று அத்தை அலறினாள். டம்ளர் உருண்டது. பையனின் அப்பாவுக்கு அந்த நிமிடமே தொண்டையிலிருந்து வயிறு வரை எரியத் தொடங்கியது. "எனக்கு பிபி வேற உண்டே" என்று சோபாவில் சரிந்தார். முகம் வெளுத்து நெற்றியில் வியர்வை கோத்தது. மாமி உப்புக் கரைக்க ஓடினாள். கஸ்தூரிரங்கன் "ஆட்டோ! ஆட்டோ!" என்று வாசலுக்குப் போய், மறந்து, திரும்பி வந்தார். "டியூப் விட்டு வயித்தைக் கழுவணும்" என்றாள் அத்தை.

மீனுக்காகச் சொன்ன பொய்யில் ஒரு மனிதர் பயத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவாரோ? அர்ஜுனன் அவர் முன் மண்டியிட்டான். "சார், மருந்து இல்லீங்க சார். அது... ஈ... ஈ..."

"அது திராட்சைதான்" என்றாள் ஸ்வர்ணா, சமையலறை வாசலில் நின்று. "கடைத் திராட்சை. அம்மா அந்த ட்ரேல கை வெப்பான்னு நேத்தே அரைச்சு ஐஸ் வெச்சிருந்தேன். அம்மா மேலேர்ந்து கொண்டுவந்த ட்ரே என் பீரோல, பழைய துண்டுல சுத்தியிருக்கு. அம்மா பூ வாங்கப் போனப்போ மாத்திட்டேன்."

"ஏண்டி மாத்தினே?"

"அதுல இருக்கறது ஆட்டு ஈரல்."

உப்புத் தண்ணீர்ச் சொம்போடு மாமி அப்படியே நின்றாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"ஓஸ்வால்ட் அங்கிள் சொன்னார். ஸ்கூல் விட்டு வந்து தெனம் நான்தான் அதுகளுக்குப் போடறேன்."

அத்தை மெதுவாக எழுந்தாள். "தனியா இருக்கற பையன் ரூமுக்கா போறே?"

"மீன் இருக்கற ரூமுக்கு."

"என்ன மீன்?" என்று ஷ்ரேயாஸ் ஆவலாகக் கேட்டான். அத்தை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எரிச்சல் நின்றுவிட்ட அப்பா, செருப்பு மாட்டும்போதுகூட, "திராட்சைதானே? நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டேதான் போனார்.

மாருதி போனதும் மாமி மாடியேறினாள். அர்ஜுனன் பின்னால் போனான். முடிந்தது, இனி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கீழே நடந்த அமளி தொட்டிக்கும் எட்டியிருந்தது. தாய்மீன் கறுத்துப்போய் மூலையில் நின்றது. உடம்பில் ஒரு குஞ்சுகூட இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது.

"என்னாச்சு?" என்று கஸ்தூரிரங்கன் படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சத்தம் போடாதீங்கோ!" என்றாள் மாமி, ரகசியக் குரலில். மாமியிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அசையாமல் நின்றார்கள். வடிகட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குண்டூசித் தலை எட்டிப் பார்த்தது. பிறகு ஒன்று. பிறகு மொத்தமாக, சிந்திய கடுகு போல, தாயின் விலாவுக்கு ஓடின.

மாமி மூக்கை உறிஞ்சினாள். "பால்குடி மறக்கற வரைக்கும் இரு. அப்பறம் காலி பண்ணிடு. அந்த ஃப்ரிட்ஜை இன்னிக்கே மஞ்சத் தண்ணி விட்டு அலம்பு."

அந்த மாருதி மறுபடி தெருப் பக்கம் வரவில்லை. ஸ்வர்ணா மாடிப் பையனைத்தான் கட்டிக்கொள்வாள் என்று தெருவே காத்திருந்து ஏமாந்தது. அவள் ஹூப்ளியில் வேலை கிடைத்துப் போய், அங்கே ஒரு கன்னட வாத்தியாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அர்ஜுனன் தாய்மாமன் மகள் கிருத்திகாவைக் கட்டிக்கொண்டு மர்பி டவுனுக்குக் குடிபோனான். அவளுக்கு மீன் வாடை ஆகாது. அதனால் ஜோடி மீன் மட்டும் காலி பண்ணவில்லை. இப்போது மாமியின் கூடத்தில், பெருமாள் படத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. காலையில் மீன் தீனி நேரத்துக்கு மாமி காம்பவுண்டுச் சுவரருகே வந்து நிற்பாள்.

"ஓஸ்வால்ட்! திராட்சை ஆச்சா?"