இரண்டு விசில் அடித்தால் போகலாம்

"நிறுத்தாதே மாப்ளே. சொல்றேன்ல, நிறுத்தாதே."

"ஆள் நிக்குது மச்சான்."

"நின்னா நிக்கட்டும். நீ ஓட்டுறது என்ன பஸ்ஸா?"

"கை காட்டுறாங்க. கை காட்டின அப்புறம் எப்படிப் போறது?"

அந்நிய தேசத்து நெடுஞ்சாலையில், ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அறுபதைத் தொட்ட இரண்டு பேர் இப்படித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை, விட்டால் அது மட்டும் தனியாக ஓடிப்போய்விடும் என்பதுபோல் பிடித்திருந்தவர் கண்டக்டர். பின்னால் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் விசிலுமாக உட்கார்ந்திருந்தவர் டிரைவர். கண்டக்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வண்டியின் பக்கத்தில் பொருத்திய தொட்டியில் ஏற்கெனவே ஒருவர் ஏறியிருந்தார். மடியில் ஒரு முழுக் கதவு. தாழ்ப்பாளோடு. சண்டை முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அந்த நாட்டின் மறுகோடியில், கண்டக்டரின் ஒரே மகளுக்குப் பதிவுத் திருமணம். பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து ஆகவேண்டும். மாப்பிள்ளைப் பையன் கப்பலில் வேலை. சனிக்கிழமை ஏறினால் திரும்ப ஒரு வருஷம். "அப்பா வந்து கையெழுத்துப் போடலேன்னா நானும் போட மாட்டேன்" என்று பெண் போனில் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அவள் அப்பனைக் கொண்டவள். இன்னும் எழுநூறு கிலோமீட்டர் பாக்கி. காலையிலிருந்து வந்தது தொண்ணூறு.

மனைவி ஒரு மாதம் முன்பே மகளிடம் போய்விட்டாள். டிரைவரும் கண்டக்டரும் நேராக விமானத்தில் போய் இறங்கியிருக்கலாம். ஆனால் கண்டக்டருக்கு ஒரு நம்பிக்கை: உலகத்தில் எந்த பஸ்ஸில் ஏறினாலும், தன் பழைய ஸ்டாஃப் பாஸைக் காட்டினால், முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்து உட்காரச் சொல்வார்கள் என்று. அதனால் எல்லையைத் தாண்டி முதல் ஊர் வரைக்கும் மட்டும் விமானம். மீதி பஸ்ஸில். இறங்கிப் பார்த்தால் நாடு முழுக்க பஸ் ஸ்டிரைக். ரயிலில் ஞாயிற்றுக்கிழமை வரை இடமில்லை. டிரைவர் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து, தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில் இந்தத் தொட்டி வண்டி கிடைத்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய டிரைவருக்குக் கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, ஓட்டக்கூடாது. கண்டக்டரிடம் லைசென்ஸ் இருந்தது. எப்போதோ எடுத்து பீரோவில் வைத்தது. அதற்கப்புறம் சைக்கிள்கூட மிதித்ததில்லை. கொட்டகைக்குள் வண்டி இருபது தடவை கிளம்பி இருபது தடவை அணைந்தது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்டக்டருக்குத்தான் காரணம் புரிந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் விசில் இல்லாமல் வண்டி கிளம்பி அவர் பார்த்ததில்லை. சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். டிரைவர் வேண்டாவெறுப்பாக இரண்டு அடித்தார். வண்டி பூப்போல நகர்ந்து, கொட்டகையைத் தாண்டி, ரோட்டில் ஏறியது. ஒன்று அடித்ததும் நின்றது.

ஆக, ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தங்களில்தான் தகராறு. ஸ்டிரைக் என்பதால் எல்லா நிறுத்தத்திலும் ஜனம். ஆள் நிற்பதைப் பார்த்தால், டிரைவர் ஊதினாலும் ஊதாவிட்டாலும், கண்டக்டரின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. முதல் நிறுத்தத்தில் ஏறியவர்தான் கதவுக்காரர். இந்த இடத்தில் கை காட்டியது இடுப்பில் தையல் மெஷினோடு நின்ற ஒரு பெண்மணி. கதவைத் தொட்டியின்மேல் படுக்கப் போட்டு, அதன்மேல் அவரையும் மெஷினையும் உட்காரவைத்தார்கள். கண்டக்டர் நோட்டில் தாளைக் கிழித்து டிக்கெட் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் டிக்கெட் இல்லாமல் ஏற்றுகிற ஜென்மம் அவர் இல்லை.

"நான் ஓட்டினேன், நீ பின்னாடி நின்னு ஊதினே. அன்னைக்கும் உன்னாலதான் லேட்டு, இன்னைக்கும் உன்னாலதான் லேட்டு" என்றார் டிரைவர்.

"நின்னேன்ல? இருபத்தாறு வருஷம் நின்னேன். நீ உக்காந்தே." இதைச் சொல்லும்போது கண்டக்டர் திரும்பிப் பார்த்ததில், வண்டி ஒரு கம்பத்தை முத்தமிடப் பார்த்தது.

புதன்கிழமை மதியம், ஒரு பெரிய டிப்போ வாசலில் ஸ்டிரைக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். பந்தலுக்கு முன்னால் ஒரு கம்பம். உச்சியில் கொடிக்குப் பதிலாக ஒரு மர நாற்காலி. பாஷை தெரியவேண்டிய அவசியமே இல்லை. கண்டக்டர்கள் உட்கார சீட்டு கேட்கிறார்கள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் மட்டும், உட்கார்ந்துகொண்டு எவன் டிக்கெட் கொடுப்பான் என்று முணுமுணுத்தார்.

தலைவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஆள் ஏற்றியிருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, விசிலும் இருக்கிறது. ஆகவே இது பஸ். பஸ் ஓடக்கூடாது. இதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எதிர்த்துப் பேசவேண்டிய கண்டக்டர், ஸ்டாஃப் பாஸைக் காட்டிவிட்டு, பந்தலில் போய் அவர்களோடு உட்கார்ந்தார். அவர்கள் தட்டிக்கொடுத்து நடுவில் இடம் விட்டார்கள். கதவுக்காரரும் தையல்காரியும் கதவை மரத்தில் சாய்த்துவைத்து நிழலில் பேச ஆரம்பித்தார்கள்.

"பொண்ணு கல்யாணம்டா" என்றார் டிரைவர்.

"தெரியும் மச்சான்."

"அப்புறம் என்ன மசுருக்கு உக்காந்திருக்கே?"

"இவங்களைத் தாண்டிப் போனா, அவகிட்ட என்ன மூஞ்சியோட போறது? எங்கப்பா கண்டக்டர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

அன்று பொழுது போயிற்று. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரைவர் ஒரு கணக்குப் போட்டார். அறுநூறு கிலோமீட்டர், இருபத்தொன்பது மணி நேரம். கண்டக்டரின் பெட்டியைத் தொட்டியில் போட்டார். பின்சீட்டில் ஏறி, மூச்சை நன்றாக இழுத்து, இரண்டு விசில் அடித்தார்.

கண்டக்டர் எழுந்தார். அவருடைய கால்கள்தான் எழுந்தன. மனசு பந்தலில் உட்கார்ந்தே இருந்தது என்று பிற்பாடு எல்லோரிடமும் சத்தியம் செய்தார். ஆனால் எழுந்தது அவர் மட்டுமில்லை. டிப்போவுக்குள் வரிசையாக நின்ற பத்தொன்பது பஸ்களிலும் டிரைவர்கள் ஸ்டியரிங்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு விசில் காதில் விழுந்ததும், பத்தொன்பது பேரும் கண்ணைத் திறக்காமலே ஸ்டார்ட் செய்து கியர் போட்டார்கள். மோட்டார் சைக்கிள் முன்னால் போக, பத்தொன்பது பஸ்ஸும் பின்னால் வந்தன. கண்டக்டர்கள் பதறி ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். நிறுத்த வழியில்லை, ஸ்டிரைக்குக்காக எல்லா விசிலையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தலைவர் வைத்திருந்தார். தலைவரும் நான்காவது பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

நாட்டிலேயே வெளியில் இருந்த ஒரே விசில் மச்சான் வாயில். அவர் ஒன்று அடித்தால் இருபது வண்டி நின்றது. இரண்டு அடித்தால் இருபது வண்டி போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனம் கைகொட்டி ஏறியது. கம்பத்து நாற்காலியை யாரோ பிடுங்கி முதல் பஸ்ஸின் நெற்றியில் கட்டியிருந்தார்கள். அதனால் ஸ்டிரைக் நடக்கிறதா, முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவருக்கு ஊதி ஊதிக் கன்னம் வீங்கிவிட்டது. நூற்றுப்பத்தாவது நிறுத்தத்தில், "எப்படிடா இருபத்தாறு வருஷம் ஊதினே?" என்று கேட்டார். கண்டக்டர் ரோட்டைப் பார்த்தபடி, "நின்னுக்கிட்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பதிவு அலுவலகத் தெருவை இருபது வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்து, கேட்க வந்த கேள்வியை மறந்துபோனார். மணப்பெண் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லை. சாட்சிகளுக்கு என்று அறையில் ஒரே ஒரு நாற்காலி. இந்த மாதிரி இடங்களில் டிரைவர்தான் முதலில் உட்காருவார். அவரும் பழக்கத்தில் அதை இழுத்துவிட்டார். இழுத்தவர், உட்காராமல் பின்னால் தள்ளி நின்றார்.

"உக்காரு மாப்ளே."

"பரவால்ல மச்சான். நமக்கு நின்னுதானே பழக்கம்."

டிரைவர் விசிலை எடுத்து ஒன்று அடித்தார். கண்டக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

பையன் சனிக்கிழமை கப்பல் ஏறி, சொன்னபடி ஒரு வருஷத்தில் திரும்பினான். அவனும் பெண்ணும் துறைமுகத்துப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கண்டக்டரும் மனைவியும் அங்கேயே மாடியில். அந்த நாட்டு கண்டக்டர்களுக்கு மடக்கு சீட்டு வந்துவிட்டது. நிர்வாகம் தானாகக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறது. கதவுக்காரர் தையல்காரியைக் கட்டிக்கொண்டார். கதவை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற வீடு தேடுகிறார்கள் என்று கேள்வி. டிரைவர் மட்டும் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, மகனோடு வேறு தெருவுக்குக் குடிபோனார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. மகன் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, கையைக் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து இரண்டு விசில் அடித்தால்தான் நகர்கிறார்.