பெடல் உள்ளே போனது

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சுற்றுகிற சக்கரத்தில் தண்ணீர் சொட்டுவது நின்றுபோனால் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கூசவைக்கிற ஒரு சத்தம் வரும். அந்தக் காதில்தான் காரின் சத்தமும் முதலில் விழுந்தது.

மெல்லிய கீச்சு. பிரேக்கை மிதித்தால் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். வேலை விஷயமாக வெளியூரில் தங்கியிருந்த கணவனிடம் போனில் சொன்னாள்.

"மழைத்தண்ணி பட்டிருக்கும். நாலு தடவ நல்லா மிதி, சரியாயிடும்" என்றான் அவன்.

நாலு தடவை என்ன, நானூறு தடவை மிதித்திருப்பாள். சரியாகவில்லை. ஆனால் ஒருநாள் அந்தக் கீச்சு தானாகவே ஓய்ந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அண்ணிக்கு. பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கீழே இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது என்பதும் தெரிந்தது. செருப்பு மாற்றியதால் அப்படி இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கணவனின் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னு என்பார்கள். அவளுக்கும் அண்ணிக்கும் சில மாதங்களாகவே முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஒரு விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "அண்ணி கையில ஸ்டியரிங் இருந்தா, ஏறுறவங்க உயில் எழுதி வச்சிட்டுத்தான் ஏறணும்" என்று சின்னு சொல்லிவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு சரி.

ஆனால் சின்னு வயிற்றுப் பிள்ளைக்காரி. பரிசோதனைக்கு மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவள் கணவனுக்கு அன்று பகல் ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அண்ணி கடையில் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். இருவரும் வண்டியில் ஏறினார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

முதல் வளைவில் அண்ணி பிரேக்கை மிதித்தாள். முன்சக்கரத்தின் பக்கமிருந்து ஓர் உறுமல் எழுந்தது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். அது காலணி வழியாகப் பாதத்தில் ஏறி முழங்கால்வரை அதிர்ந்தது. தண்ணீர் நின்றுபோன சக்கரம் அவள் நினைவுக்கு வந்தது.

"என்ன அண்ணி சத்தம்?"

"ரோடு சரியில்ல."

ரோடு வழவழவென்று இருந்தது. சின்னு ரோட்டைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் காலைப் பார்த்தாள்.

அடுத்த வளைவில் வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்தது. அதுவும் பள்ளத்தின் பக்கம். அண்ணி ஸ்டியரிங்கை இறுக்கித் திருப்பினாள். தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது, அடிமரம் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. ஏதோ கருகுகிற வாடை ஜன்னல் வழியாக நுழைந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

அண்ணி மறுபடியும் மிதித்தாள். இந்த முறை பெடல் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போனது. வண்டி வேகம் குறைந்தது போலவும் இருந்தது, குறையாதது போலவும் இருந்தது.

சொன்னால், உயில் எழுதியிருக்கணும் என்று சின்னு நினைப்பாளே என்று ஒரு கணம் வாய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் சின்னுவின் கை தன் வயிற்றைச் சுற்றி வளைத்திருப்பதைக் கண்டாள்.

"சின்னு, பிரேக் புடிக்கல."

சின்னு கத்தப்போகிறாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அவளுக்கு அவசர அழைப்பு மையத்தில் வேலை. தீ, விபத்து, நெஞ்சுவலி என்று பதறுகிறவர்களிடம் பதறாமல் பேசுவதுதான் அவள் பிழைப்பு. அந்தக் குரல் இப்போது வந்தது. அண்ணி அதை அதுவரை கேட்டதே இல்லை.

"சரி அண்ணி. சுத்தமா புடிக்கலயா, கொஞ்சம் புடிக்குதா?"

"கொஞ்சம். உள்ள போயிடுது."

"காலை எடுத்து எடுத்து மிதிங்க. ஏதாவது மாறுதா?"

மிதித்தாள். மூன்றாவது மிதியில் கொஞ்சம் கெட்டிப்பட்டது. "லேசா வருது."

"நல்லது. இப்ப எந்த கியர்ல இருக்கீங்க?"

"நாலு."

"ஒவ்வொண்ணா குறைங்க. ஒரேயடியா வேணாம். ஹசார்ட் லைட்ட நான் போடறேன்."

மூன்றாவது கியரில் என்ஜின் ஊளையிட்டது. இரண்டாவதுக்குத் தள்ளியபோது வண்டி முகம் தாழ்ந்து குலுங்கி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி மெதுவானது. மெதுவானதே தவிர நிற்கவில்லை. இறக்கம் அதை விடவில்லை.

அடுத்த வளைவைத் திரும்பினார்கள். கீழே, ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட பஸ். கதவு திறந்திருந்தது. குடை பிடித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணி ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், நகரவில்லை. பெடல் தரைவரை போய்த் தட்டியது. "கடவுளே கடவுளே" என்று சொல்லிக்கொண்டிருந்தது தன் வாய்தான் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, அந்தப் பக்கம்! தண்ணித்தொட்டிக்குப் போற வழி! மேல ஏறுது பாருங்க!"

பஸ்ஸுக்குச் சற்று முன்னால் குறுகலான ஒரு மண்பாதை பிரிந்து மேட்டில் ஏறியது. அண்ணி ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டியின் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளியது, சரளைக்கல் அடிவயிற்றில் படபடவென்று அடித்தது. முன்முகம் மேலே நிமிர்ந்தது. வேகம் தானாகச் செத்தது. பாதையின் முடிவில் இருந்த இரும்புக் கேட்டுக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்று, பின்னோக்கி நழுவத் தொடங்கியபோது ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

நின்றது.

அண்ணி இறங்கிப் பெரிய கல்லாகப் பார்த்துப் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். ஒரு கல் நழுவிக் காலில் விழுந்தது, வலிக்கவில்லை. முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மழைத்துளி பட்டுச் சுர்ரென்றது.

சின்னுவின் பக்கக் கதவைத் திறந்தாள். அதுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் உடைந்தாள். "போன்லன்னா பேசிட்டு வச்சிடுவேன் அண்ணி. அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது" என்று திணறித் திணறி அழுதாள். அண்ணி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அசைகிறதா என்று கேட்கப் பயந்து கேட்கவில்லை. சின்னுவே அவள் கையை எடுத்துத் தன் விலாப்பக்கம் வைத்தாள். உள்ளே ஓர் உதை.

ஹாரன் சத்தத்தைக் கேட்டு ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மேலே வந்தார். நல்ல மனிதர்தான். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"சூடேறிடுச்சும்மா. அரை மணி ஆறவிட்டா புடிச்சுக்கும். செகண்ட் கியர்லயே நான் முன்னாடி போறேன், என் பின்னாடியே வாங்க."

கணவனும் போனில் அதையேதான் சொன்னான். "ஆறினதும் மெதுவா உருட்டிட்டு வந்துடு. கீழதானே பட்டறை."

அண்ணியின் தலையும் சரியென்று ஆடத் தொடங்கிவிட்டது. ஊர் உலகம் எல்லாம் சொல்லும்போது நாம்தான் பெரிதுபடுத்துகிறோமோ என்று தோன்றியது. ஆனால் அந்த உறுமல் இன்னும் காலில் இருந்தது. சூட்டில் வருகிற சத்தம் இல்லை அது. தேய்ந்துபோன ஒன்றின் சத்தம். அதை அவள் தினமும் கேட்கிறாள்.

"இல்லங்க. நான் ஓட்டல. இது தேஞ்சு போச்சு" என்றாள்.

சின்னு போனைப் பிடுங்கினாள். "அண்ணா, அண்ணி ஓட்டமாட்டாங்க. நானும் ஏறமாட்டேன். பட்டறை நம்பர அனுப்பிட்டு வை."

மெக்கானிக் இழுவை வண்டியோடு தானே வந்தார். காரை அதன் முதுகில் ஏற்றிக்கொண்டதும், இரண்டு பெண்களும் அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இறக்கத்தில் அவர் பிரேக் போடும்போதெல்லாம் அண்ணியின் வலது காலும் தரையை மிதித்தது.

பட்டறையில் முன்சக்கரங்களைக் கழற்றியதும் மெக்கானிக் பேச்சை நிறுத்தினார். ஒரு தகட்டைக் கொண்டுவந்து அண்ணியின் முன் நீட்டினார். இன்னொரு கையில் புதிய பிரேக் பேட்.

"புதுசுல பாருங்க, தகடுமேல விரல் தடிமனுக்கு ஒரு பட்டை இருக்கு. அதுதான் டிஸ்க்கப் புடிக்கும். உங்களுதுல பட்டையே இல்ல. வெறும் தகடு கடிச்சிருக்கு."

சக்கரத்தோடு சுற்றுகிற வட்டத்தகடான டிஸ்க்கையும் காட்டினார். ஏர் உழுத மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளம். ஒரு பக்கத்தில் பேடை அழுத்துகிற பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது; அதனால்தான் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது என்றார்.

"முன்னாடி கீச்சுனு சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

"கீச்சுங்கறப்பவே வரணும்மா. பட்டை தீரப்போகுதுன்னு சொல்றதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருக்கான். அது ஒடஞ்சு விழுந்தா சத்தம் நிக்கும். பெடல் கீழ போறது, ஒரு பக்கமா இழுக்கறது, செவப்பு லைட்டு, எல்லாமே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னதுதான்." லாரிக்காரரின் யோசனையை அண்ணி சொன்னதும் மெக்கானிக்கின் முகம் மாறியது. "பின்னாடி வந்திருந்தீங்கன்னா அவர் வண்டிதான் உங்களுக்கு பிரேக்."

அண்ணி பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் டிஸ்க்கும் பேடும் மாற்றி, சிக்கிய பிஸ்டனை அதன் கூடான காலிப்பரோடு மாற்றி, சூட்டில் கொதித்துப் பெடலைத் தொளதொளக்க வைத்த பிரேக் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார்கள். சாயந்திரம் ஆகிவிட்டது. சின்னுவை அவள் கணவன் வந்து அழைத்தான். அவள் போகமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சக்கரங்கள் மாட்டி வண்டி தரைக்கு வந்தது. மெக்கானிக் கை கழுவப் போயிருந்தார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். எந்தத் தடையும் இல்லாமல் அது அப்படியே தரைவரை போயிற்று.

அவள் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பியது. மெக்கானிக் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

"யம்மா! இன்னும் பம்ப் பண்ணலம்மா! புது பேட் போட்டா முத மிதி உள்ளதான் போகும். எனக்கு நெஞ்சு நின்னிருக்கும் போல. இப்ப மிதிங்க. இன்னொரு தடவ. இன்னொரு தடவ."

மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகி நின்றது. அண்ணி காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். பெஞ்சில் சின்னு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவள் கணவனுக்கே குழப்பமாகிவிட்டது.

மெக்கானிக் முதலில் தான் ஓட்டிப் பார்த்தார். பிறகு அண்ணியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆளில்லாத நேர் ரோட்டில், கொஞ்சம் வேகம் எடுத்து, மெதுவாக அழுத்திக் குறைத்து, மறுபடி எடுத்து, மறுபடி குறைத்து என்று பழக்கினார். புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று இணங்கிவர வேண்டுமாம். வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. சத்தமும் இல்லை. அந்த அமைதியை நம்பத்தான் அண்ணிக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாளில் மறுபடியும் கிறீச்சென்றது. அண்ணி வேலைக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனாள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒரு பொடிக்கல்லை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் கூசிப்போய், "சும்மா உங்களுக்குத் தொந்தரவு" என்றாள். அவர் சக்கரத்தை மாட்டிக்கொண்டே, "இந்தத் தொந்தரவுக்கு எப்ப வேணாலும் வாங்க" என்றார்.

சின்னுவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானத்தில். அவள் கணவன் அழைத்தபோது அண்ணி கடையில் ஏப்ரனோடு நின்றிருந்தாள். பின்னால் சின்னுவின் குரல் கேட்டது: "அண்ணி வரட்டும். நான் அவங்க வண்டிலதான் போவேன்." அண்ணிக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஆனாலும் போனாள்.

ஆண் குழந்தை. வீட்டுக்கு அழைத்துவந்த நாளில், குழந்தையும் சின்னுவும் பின்சீட்டில், அவள் கணவன் முன்னால். ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணி ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். இறக்கம் தொடங்குகிற இடத்தில் இன்னொருமுறை. முதல் வளைவுக்கு வெகுமுன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டாள். பின்னால் வந்த கார்கள் வரிசையாக ஹாரன் அடித்தன.

"அடிச்சுக்கட்டும் அண்ணி. நீங்க மெதுவாவே போங்க" என்றாள் சின்னு. அவளும் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை விடவில்லை. குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டு வந்தது.