யாருக்கும் மணக்காத வாசனை

என் அண்ணன் ஞானையாவுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி அந்துப்பூச்சிதான். உலகச் சண்டைக் காலத்தில் அவன் வியாபாரத்துக்குப் பம்பாயிலிருந்து தோணியில் பேரீச்சம்பழம் வந்து சேருவதே பெரும்பாடு. வந்ததைத் தூத்துக்குடிக் கிடங்கில் அடுக்கினால், அந்து முட்டையிட்டுப் புழு விழுந்துவிடும்.

அவன் தங்கச்சி நான், மிஷன் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஒரு பெண் பூச்சியை வலைக்கூட்டில் வைத்தால், கிடங்கிலுள்ள ஆண் பூச்சியெல்லாம் அதையே சுற்றுவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதை மோந்து வருகின்றன? என் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லையே!

பெண் பூச்சிகளின் வால்நுனியை வெட்டிப் பென்சீனில் ஊறப்போட்டேன். காகிதத்தில் தடவியதும் ஆண் பூச்சிகள் படபடவென்று வந்து மொய்த்தன. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பசைத்தட்டில் அதைத் தடவிப் பூச்சி பிடிக்க ஆரம்பித்தான். கோடை முழுக்கச் சேர்த்த சாறு சீசாவின் அடிக்கு வந்துவிட்டது.

“மிச்சத்தையும் குடுளா. தட்டெல்லாம் காஞ்சு போச்சு.”

“மாட்டேன்ணே. இது என்ன சரக்குன்னு தெரிஞ்சா நாமளே காய்ச்சிக்கிடலாம்லா?”

“தெரியலைன்னா?”

தேங்காய் எண்ணெயைக் காஸ்டிக் சோடாக் காரம் போட்டுக் காய்ச்சினால் அது அமிலமும் கிளிசரினுமாகப் பிரிந்து சோப்பாகும். இதுவும் அப்படிப் பிரியுமா என்று மிச்சத்தையெல்லாம் காரத்தில் காய்ச்சினேன். ஒரு பூச்சிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இருந்ததையும் கெடுத்துட்டியேளா! படிச்ச திமிரு!” என்று அண்ணன் கத்திவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பிரிந்திருக்கிறது என்றால் ஏதோ ஓர் அமிலம் கழன்றிருக்கிறது. திரும்பச் சேர்த்தால்?

கெட்டுப்போனதைக் கழுவிச் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்த அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காய்ச்சினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசிச் சொட்டில் வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சி, மிஞ்சிய அமிலம் போகக் கழுவிக் காகிதத்தில் தடவினேன். பூச்சிகள் வந்துவிட்டன!

அண்ணனை இழுத்து வந்தேன். “வினிகர் நாத்தத்துக்கு வருது,” என்றான். வெறும் அமிலம் தடவிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதை ஒரு பூச்சியும் சீண்டவில்லை. அண்ணன் குனிந்து குனிந்து பார்த்தான்.

“அப்பம் பீப்பாய்ல காய்ச்சலாமா?”

“பாதிதாண்ணே தெரிஞ்சிருக்கு. மறுபாதி தெரியணும்னா ஆயிரக்கணக்குல பொட்டப்பூச்சி வேணும்.”

அண்ணன் கிடங்குக்குள் இருந்த வேலையாளைக் கூப்பிட்டுக் கத்தினான்.

“ஏலே இசக்கியப்பா! பேரீச்சம்பழம் ஒரு மூட்டை இங்கன கொண்டா. சொத்தை வேண்டாம்லே, நல்ல பழமாப் பாத்து எடு. இதுக வயிறாரத் தின்னு பெருகட்டும்!”