அட்டைகள் அடித்த மணி

டாக்டர் பிக்கர்ஸ்கில் வீட்டு முன்னறையில் இருந்த அந்தப் பொறியை எங்கள் துறைமுகத்தில் பார்க்காதவர்கள் யாருமில்லை. வட்டமாக நிறுத்திய கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் மழைத்தண்ணீர், அதில் உயிரோடு ஓர் அட்டைப்பூச்சி. குப்பியின் கழுத்தில் திமிங்கில எலும்புச் சீவல் ஒன்று. அதிலிருந்து உச்சியில் தொங்கும் மணிக்கு மெல்லிய சங்கிலி. புயல் வருமுன் அட்டைகள் அதை உணர்ந்து மேலே ஏறும், எலும்பை நகர்த்தும், மணி அடிக்கும் என்பது டாக்டரின் கண்டுபிடிப்பு. லண்டனில் கண்ணாடி மாளிகைப் பொருட்காட்சிக்கு அதை அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மணி அடித்தது. இரண்டு முறையும் டாக்டர் ஓடிவந்து படகுகளைத் தடுத்தார். இரண்டு முறையும் கடல் அசையாமல் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மீனை அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு டாக்டர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே "டிங், டிங்" என்று கத்திக்கொண்டு போகும்.

குப்பிகளில் தண்ணீர் மாற்றுவது டார்கஸ் லெங்கின் வேலை. வேறு எந்தப் பெண்ணும் அவற்றைத் தொடமாட்டாள். பிப்ரவரியில் ஒரு காலை, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவள் முதல் குப்பியைத் திறந்தபோதே அட்டை கழுத்தருகே இருந்தது. மணி ஒருமுறை அடித்தது, உடனே இன்னொருமுறை, பிறகு நிற்கவேயில்லை. முந்தைய தடவைகளில் ஏறியது இரண்டோ மூன்றோதான். இப்போது எல்லாமே ஏறின. அவள் தள்ளித்தள்ளி உள்ளே போட்டவை மறுபடி ஏறின. ஒன்று குப்பியை விட்டு வெளியே வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது. அது கடிக்கவில்லை. கை வழியே மேலே, மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் வீட்டுச் செருப்போடு துறைக்கு ஓடிவந்தார். நான் அப்போது உப்புக் கொட்டகையில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வாங்க டாக்டர்! உங்க புழு இன்னிக்கு என்ன ஜோசியம் சொல்லுது?" என்றான் ஜேபஸ் கோல். படகில் பாய் கட்டிக்கொண்டிருந்த அவனுடைய மூத்த மகனும் சிரித்தான்.

"எல்லாமே ஏறிடுச்சு ஜேபஸ். ஒண்ணு பாக்கியில்ல. சத்தியமாச் சொல்றேன், போகாதீங்க."

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணீங்க. அதை வேகவெச்சு என் பிள்ளைங்களுக்குப் போட முடிஞ்சுதா?"

டாக்டர் அடுத்த படகை நோக்கி ஓடினார்.

டார்கஸ் தன் கணவன் ரூபனைத் தனியே இழுத்தாள். "இன்னிக்கு மட்டும் போகாத. நான் என் கண்ணால பாத்தேன்."

"அட்டை சொல்லிச்சுன்னு வீட்டுல உக்காந்தேன்னா, சாகுற வரைக்கும் எனக்கு 'அட்டை ரூபன்'னுதான் பேரு. விடு, கையை எடு."

அவனும் தம்பி ஏமஸும் தூண்டில் கூடைகளை எடுக்க வீட்டுக்கு மேடேறினார்கள்; ஜேபஸும் மகனும்கூடப் போனார்கள். டார்கஸ் தங்கள் படகருகே தனியாக நின்றாள். படகுக்குள் கைக்கோடரி கிடந்தது. அதை எடுத்து அடிப்பலகையில் ஓங்கி வெட்டினாள், பலகை பிளக்கும்வரை.

ரூபன் திரும்பிவந்து குனிந்து பார்த்தான். புதிதாக வெட்டுப்பட்ட மரத்தின் வெள்ளை தெரிந்தது. பாறையில் உரசிய வெடிப்பு அல்ல என்பது யாருக்கும் புரியும். அவன் மனைவியைப் பார்த்தான்; அவள் தலையைக் குனியவில்லை.

"விடுண்ணா," என்றான் ஏமஸ். "நீ இதை அடைச்சுக்கிட்டு இரு. நான் ஜேபஸ் படகில ஏறிக்கிறேன்."

இதை டார்கஸ் நினைத்துப் பார்க்கவேயில்லை. "ஏமஸ், வேணாம்ப்பா! நான் சொல்றதைக் கேளு!"

"அட்டைங்களை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க அண்ணி," என்று சிரித்துக்கொண்டே தாவி ஏறினான்.

ரூபன் வேறு பலகையை அறுத்துப் பொருத்தினான். நண்பகலில் கடற்பறவைகள் மொத்தமாகக் கரைதாண்டி வயல்பக்கம் போயின. காற்று நின்றுவிட்டது. கடல் ஈயம்போல் மங்கியது. பிறகு வடகிழக்கிலிருந்து புயல் பனியோடு அடித்தது பாருங்கள், உப்புக் கொட்டகையின் கூரை பெயர்ந்து தெருவில் விழுந்தது.

மற்ற படகுகள் தெற்கே ஓடித் தப்பின. ஜேபஸ் மட்டும் வீடு திரும்பப் பார்த்தான். துறைவாயில் பாறையில் மோதி அவன் படகு கவிழ்ந்ததை நாங்கள் எல்லோரும் கரையிலிருந்து பார்த்தோம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் உயிர்காப்புப் படகே கிடையாது.

ரூபன் தன் படகைத் தள்ளினான். புதுப் பலகைக்கு ஆணி அடித்திருந்தது; தார் பூச நேரமிருக்கவில்லை. நானும் டாக்டரும் ஏறித் துடுப்பைப் பிடித்தோம். ரூபன் டார்கஸ் பக்கம் திரும்பினான்.

"நீ போட்ட ஓட்டை. நீயே வந்து அடைச்சுப் பிடி."

அவள் ஏறினாள். சால்வையைச் சுருட்டிப் பலகை இடுக்கில் திணித்து அதன்மேல் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கீழேயிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. ஒரு கையால் வாளியெடுத்து இறைத்தாள்.

துடுப்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கிடந்த ஏமஸ் முதலில் கிடைத்தான். அவனை இழுத்துப் போடும்போது படகில் தண்ணீர் எங்கள் முழங்கால்வரை ஏறியிருந்தது. பனிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஜேபஸின் குரலா, மகனுடைய குரலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்! ரூபன், அங்க!" என்று டாக்டர் கத்தினார்.

ரூபன் குரல் வந்த திசையைப் பார்த்தான். டார்கஸின் முழங்காலுக்கடியில் கொப்பளித்த தண்ணீரைப் பார்த்தான். படகைக் கரைக்குத் திருப்பினான். அந்தக் குரல் எங்கள் முதுகுப் பக்கம் சற்று நேரம் கேட்டது.

அப்பனையும் மகனையும் கடல் மறுவாரம் திருப்பித் தந்தது. அடக்கம் முடிந்த மாலை ஜேபஸின் மனைவி கெசையா, ரூபன் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஏமஸைப் பார்க்க நானும் அங்கே போயிருந்தேன். சபிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று டார்கஸ் எழுந்து நின்றாள். கெசையாவின் குரல் தணிவாகவே இருந்தது.

"உன் கையில கோடரி இருந்துச்சு. எங்க படகு பக்கத்துலதானே நின்னுச்சு. அதையும் ஏன்டி வெட்டாம விட்ட?"

அடுப்பருகே இருந்த நாற்காலியை ரூபன் கெசையாவுக்காக நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை, பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.