வாசலில் நின்ற சின்னப்பையன்

உத்திரமேரூரில் உம்முல் குல்சும் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குள் சின்னப்பையன் என்பவன் கால் வைத்தாலே கம்ப்யூட்டர் உறைந்துபோகும். ராசியில்லாதவன் என்று கடைக்கு வந்தவர்கள் அவனை வாசலில் நிறுத்தினார்கள். வாங்க வந்த சான்றிதழுக்கான விவரங்களை அவன் அங்கிருந்தே தெருவுக்கெல்லாம் கேட்கக் கத்தினான்: பெயர், வயது, கல்யாணம் ஆகவில்லை.

அப்படியும் கம்ப்யூட்டர் உறைந்தது. அப்போதுதான் குல்சுமுக்கு உறைத்தது. மற்ற வேலைக்கெல்லாம் ஒயர் இணைப்பு. இவன் போனிலிருந்து போட்டோ வாங்கத்தான் வைஃபை; அதைப் போடும்போதுதான் உறைகிறது. அப்டேட்டில் வந்த வைஃபை டிரைவர் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டாள். சரியாகிவிட்டது.

"ராசியாவது மண்ணாவது. உள்ள வாண்ணா."

"வேணாம்மா," என்றான் சின்னப்பையன். "எதுத்த பூக்கடைல என் ஜாதகம் கேட்டுகினு கீறாங்க. இன்னொரு வாட்டி வயசைக் கேளு."